வெறும் வண்டிக்கு ஏன் நிரந்தரப் பாரம்?

வீடும் வெளியும் – மாதப் பக்கம்



சமையல், பிள்ளை வளர்ப்பு, சீட்டுக் காசு, மாமி–மருமகள் பிணக்கு என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ விடயங்களைப் பேசியிருக்கிறோம். இந்த மாதம் ஒரு பிக்கப் வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "வண்டி ஆண்களுடைய விடயம், நமக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வண்டியை வாங்குவதற்காக அடகுக்குப் போனது யாருடைய காப்பு? அதில் ஏறிப் பாடசாலைக்குப் போவது யாருடைய பிள்ளைகள்? வண்டி பிந்தினால் வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்? அப்படியானால் இது நம்முடைய விடயமும்தான்.

அக்கரைப்பற்றில் ஒரு சகோதரி. அவருடைய கணவர் காலையில் அரிசியும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு பொத்துவில் பக்கம் போவார். பகலில் வெறும் வண்டியோடு திரும்புவார். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போதுதான் தொல்லை. மாரி தொடங்கிவிட்டால் வண்டியின் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். வட்டைக்குள் இறங்கினால் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி இறைக்கும். தார் வீதியில் ஒரு பள்ளம் வந்தால் பின்பக்கம் துள்ளி விழும். ஒரு நாள் மழையில் வளைவொன்றில் திரும்பும்போது வண்டியின் வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், மதகுக் கட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றிருக்கிறது.

கராஜில் கேட்டபோது ஒரு வழி சொன்னார்களாம். பின்னுக்குப் பாரம் போதாது. இருநூறு கிலோவில் ஒரு சீமெந்துக் கட்டை வார்த்துப் பின்கதவோடு சேர்த்து வைத்து இறுக்கிவிடுங்கள். பிறகு கழற்றவே தேவையில்லை என்று. கணவருக்கு அது பிடித்துவிட்டது. அன்றிரவு வீட்டில் நடந்த பேச்சு இது:

"புள்ள, அந்தக் கட்டையை ஒரு வாங்கு மாதிரி வார்க்கச் சொல்லப் போறன். நம்மட புள்ளைகள் அதில இருந்துக்கிட்டே பள்ளிக்கூடம் போகலாம்."

"மச்சான், அது ஆடாம நிக்குமா?"

"இருநூறு கிலோ புள்ள! அது எங்க ஆடப் போகுது?"

சகோதரிக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை. "நான் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது சகோதரி. அந்த மனம் ஒப்பாமைக்குக் கணக்கும் காரணமும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வால் ஏன் லேசாகிறது?

பிக்கப் வண்டியை ஒரு முறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். எஞ்சின் முன்னால். சாரதி இருக்கும் அறை முன்னால். பின்னால் இருப்பது ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். அதனால் வெறும் வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு முன்சில்லுகளின் மேல்தான் நிற்கும். ஆனால் பெரும்பாலான பிக்கப் வண்டிகளைத் தள்ளுவதோ பின்சில்லுகள். பாரம் ஓரிடத்தில், வேலை வேறிடத்தில்!

அம்மியில் மிளகாய் அரைத்த அனுபவம் நமக்கு இருக்கிறது. குழவியை அழுத்தாமல் சும்மா உருட்டினால் என்ன நடக்கும்? மிளகாய் நழுவி ஓடும். கையை ஊன்றி அழுத்தினால்தான் பிடிக்கும், அரைபடும். சில்லும் வீதியும் அப்படித்தான். மேலிருந்து பாரம் அழுத்தினால்தான் சில்லு வீதியைப் பிடிக்கும். பாரம் இல்லாத பின்சில்லு, அழுத்தாத குழவிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிக்கப் வண்டியின் பின்னால் இலை இலையாக அடுக்கிய தகட்டு ஸ்பிரிங் இருக்கும். மூடை மூடையாக ஏற்றினாலும் தாங்க வேண்டும் என்பதற்காக அதை விறைப்பாகச் செய்திருப்பார்கள். மூடைகள் ஏறினால் அது வளைந்து கொடுத்து மெதுவாக ஆடும். வெறும் வண்டியில் அது வளையாது. பள்ளத்தில் விழுந்தவுடன் துள்ளும். துள்ளும் கணத்தில் சில்லு வீதியை விட்டு எழும்பி நிற்கும். எழும்பிய சில்லுக்கு வீதியில் என்ன பிடி இருக்கும்?

ஆகவே கராஜில் சொன்ன காரணம் பொய்யல்ல. பின்னுக்குப் பாரம் போதாது என்பது உண்மை. பனி பெய்யும் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பிக்கப் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்தால் பின் பெட்டியில் மணல் மூடைகளை வைப்பது வழக்கம். அதற்கென்றே நீளமான மணல் மூடைகள் கடைகளில் விற்பனையாகின்றன. ஆனால் அவர்கள் அதைக் குளிர்காலத்துக்கு மட்டும் வைக்கிறார்கள். பனி கரைந்ததும் இறக்கிவிடுகிறார்கள். நம் சகோதரியின் வீட்டில் பேசப்பட்டதோ கழற்ற முடியாத கட்டை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

புறப்பட உதவும், நிற்க உதவாது

"பாரம் கூடினால் பிடி கூடும், பிடி கூடினால் வண்டி பாதுகாப்பு" என்று பலர் நினைக்கிறார்கள். இதில் பாதிதான் சரி.

சேற்றில் நிற்கும் வண்டியைக் கிளப்புவதற்குப் பாரம் உதவும். ஏனென்றால் தள்ளுவது பின்சில்லு இரண்டும் மட்டும். வைத்த பாரம் முழுவதும் அந்த இரண்டின் மேல் விழுகிறது. வண்டியின் மொத்த எடை சிறிது கூடினாலும், தள்ளும் சில்லின் பிடி அதைவிட அதிகமாகக் கூடுகிறது. இலாபம்தான்.

ஆனால் பிரேக் பிடிக்கும்போது கதை வேறு. அப்போது நான்கு சில்லுகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. எடை கூடியதால் வீதியின் பிடி கூடியது உண்மை. ஆனால் நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவு கூடிவிட்டதே! கணவரின் சம்பளம் நூற்றுக்குப் பத்துக் கூடி, வீட்டுச் செலவும் நூற்றுக்குப் பத்துக் கூடினால் கையில் என்ன மிஞ்சும்? பழைய நிலைதான். பிரேக்குக்கு மட்டும் வேலை கூடுகிறது. அதிக எடையை நிறுத்தும்போது அதிகமாகச் சூடாகும், அதிகமாகத் தேயும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெறும் வண்டியில் சடுதியாகப் பிரேக் பிடித்தால் பின்சில்லு இறுகி, வால் ஒரு பக்கம் போகப் பார்க்கும். அளவான பாரம் சரியான இடத்தில் இருந்தால் அந்தப் போக்குச் சற்றுக் குறையும். ஆனால் அந்தக் குறைவை நம்பி, "இனி வழுக்காது" என்று மழை வீதியில் வேகத்தைக் கூட்டினால், கிடைத்த நன்மை அந்த வளைவிலேயே தீர்ந்துவிடும்.

துலாவை நினைத்துப் பாருங்கள்

நம் மூத்தம்மாமாருடைய காலத்தில் வளவுக் கிணற்றில் துலா இருந்தது. தண்ணீர் அள்ளும் பக்கம் வாளி. வால் பக்கம் கட்டிய கல். நடுவில் ஆடுகால். வால் கல் சரியான பாரமாக இருந்தால் சிறு பிள்ளையும் தண்ணீர் அள்ளலாம். கல் அளவுக்கு மிஞ்சினால்? துலா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வாளியைக் கீழே இறக்கவே முடியாது.

பிக்கப் வண்டியும் ஒரு துலாதான். இரண்டு பின்சில்லுகளையும் இணைக்கும் அச்சுத்தான் அதன் ஆடுகால். கட்டையைப் பின்கதவோடு சேர்த்து வைக்கச் சொன்னார்களே, அந்த இடம் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே வைத்த பாரம் பின்சில்லை அழுத்துவதோடு நிற்காது, முன்பக்கத்தைத் தூக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 3 மீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ கட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் 200 கிலோவும் பின்சில்லுகளின் மேல் விழும். முன்பக்கம் மாறாது. அதே கட்டையை அச்சுக்கு 1 மீற்றர் பின்னால், கதவோரம் வைத்தால் பின்சில்லுகளின் மேல் 267 கிலோ விழும். அந்தக் கூடுதல் 67 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சில்லுகளிலிருந்து எடுக்கப்பட்டது. நன்றாக வளர்ந்த ஓர் ஆளை முன்சில்லின் மேலிருந்து இறக்கிவிட்டதற்குச் சமம்.

முன்சில்லுதானே வண்டியைத் திருப்புகிறது? பிரேக் பிடிக்கும்போது பெரிய பங்கைத் தாங்குவதும் முன்சில்லுதானே? வாலின் வழுக்கலைத் தீர்க்கப் போய், திருப்பும் சில்லை லேசாக்கிவிட்டோம். இரவில் முன்விளக்கின் வெளிச்சமும் மேல் நோக்கி எழும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். கோமாரி, பொத்துவில் பக்கத்து இருட்டு வீதியில் அது சின்ன விடயமா?

"நிரந்தரம்" என்ற சொல்லின் விலை

வீட்டுக் கணக்கு எழுதுகிற சகோதரிகளுக்கு இந்தப் பகுதி உடனே விளங்கும்.

ஒரு பிக்கப் வண்டி 1,000 கிலோ ஏற்றக்கூடியது என்று வைப்போம். ஐம்பது கிலோ மூடையில் இருபது. இப்போது 200 கிலோ கட்டை அதில் குடியேறிவிட்டது. மீதி 800 கிலோ. அதாவது பதினாறு மூடை. ஒரு நடைக்கு நான்கு மூடை நட்டம். மாதத்தில் 25 நடை என்றால் நூறு மூடை. அந்த நூறு மூடையின் வாடகையைச் சீமெந்துக் கட்டை தின்றுவிடுகிறது.

"இல்லை, அவர் பழையபடி இருபது மூடைதான் ஏற்றுவார்" என்கிறீர்களா? உண்மையில் நடக்கப் போவது அதுதான். பயப்பட வேண்டியதும் அதற்குத்தான். அப்படியானால் ஒவ்வொரு நாளும் 200 கிலோ அளவுக்கு மீறிய பாரம். டயர் சூடேறும். பிரேக் தேயும். ஸ்பிரிங் களைத்துத் தளரும். பாரம் ஏறிய வண்டிக்கு இந்தக் கட்டையால் ஒரு நன்மையும் இல்லை என்பதையும் கவனியுங்கள். வழுக்கல் வருவது வெறும் வண்டியில்; கட்டையோ வெறும் வண்டியிலும் இருக்கிறது, நிறைந்த வண்டியிலும் இருக்கிறது.

எண்ணெய்ச் செலவையும் பாருங்கள். சுமார் 45 கிலோ மேலதிகப் பாரத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் எரிபொருள் செலவு கூடும் என்பது பொதுவான மதிப்பீடு. 200 கிலோவுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு. நூறு லீற்றர் அடித்தால் நான்கு லீற்றர், யாருக்கும் விற்க முடியாத ஒரு கல்லைச் சுமப்பதற்காக! 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற குடும்பங்கள் நாம். நான்கு லீற்றரின் அருமை நமக்குத் தெரியாததா?

வண்டியின் பதிவுச் சான்றிதழில் அதன் எடையும் எழுதப்பட்டிருக்கும். கழற்ற முடியாதபடி ஒரு பாரத்தை ஒட்டிவிட்டால் அந்த எழுத்து பொய்யாகிவிடும். வண்டியில் நிலையான மாற்றம் செய்வதற்கு முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்வதே முறை. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்டுப் போகும்போது, "இந்தக் கட்டை எப்போது வந்தது?" என்ற கேள்வி எழுந்தால் அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் வீட்டிலிருப்பவர்கள்.

"அது எங்க ஆடப் போகுது?"

சகோதரியின் கணவர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம்.

வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அதன் மேலுள்ள ஒவ்வொரு பொருளும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மாடு குறுக்கே வருகிறது. வண்டி எதிலோ மோதி நின்றுவிடுகிறது. வண்டி நிற்கும். பெட்டியிலுள்ள பொருள் நிற்காது. ஐம்பது கிலோமீற்றர் வேகம் என்பது சுமார் 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும் வேகத்துக்குச் சமம். பத்து மீற்றர் என்றால் நம் வளவில் நிற்கும் தென்னை உயரம். தென்னை உச்சியிலிருந்து 200 கிலோ சீமெந்துக் கட்டை விழுவதாக எண்ணிப் பாருங்கள். அது கீழே விழாமல் முன்னால் பாய்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். முன்னால் இருப்பது சாரதி அறையின் பின்கண்ணாடி. அதற்கும் கட்டைக்கும் நடுவில்?

"போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோமே" என்று சொல்லலாம். மெல்லிய தகரத் தட்டில் நான்கு துளை போட்டு இறுக்கிய போல்ட், சாதாரண ஓட்டத்துக்குத் தாங்கும். மோதும் கணத்தில் அந்தக் கட்டை தன் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு இழுக்கும். தகரம் கிழிந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன்: பாரம் உள்ள பெட்டியில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. பாரம் இல்லாவிட்டாலும் பின் பெட்டி பிள்ளைகள் இருக்கும் இடமல்ல. அங்கே பிடிக்கக் கம்பி இல்லை, கட்டப் பட்டி இல்லை. ஆகவே கட்டையை வாங்காக்கும் யோசனையை அன்போடு, ஆனால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் வேண்டாம்.

வெள்ளத்தில் பாரம் காக்குமா?

இதை எழுதாமல் விட மனம் வரவில்லை. நம் கரையோர ஊர்களில் பலர் மனதில் ஓர் எண்ணம் இருக்கிறது: "பாரமான வண்டியை வெள்ளம் இழுக்காது."

2024 நவம்பர் 26 ஆம் திகதியை நம் பகுதித் தாய்மார் மறக்க மாட்டார்கள். நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் சம்மாந்துறைக்கு வீடு திரும்பும் வழியில், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் பாய்ந்த வெள்ளம் அவர்கள் ஏறி வந்த உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றது. பிள்ளைகளின் உயிர்கள் போயின. உழவு இயந்திரம் பாரமில்லாத வண்டியா? வட்டைச் சேற்றில் உழுகிற இரும்பு அது. யாரையும் குறை சொல்வதற்காக இதை நினைவூட்டவில்லை. பாரத்தை நம்பி வெள்ளத்தில் இறங்கும் எண்ணத்தை நம் வீடுகளிலிருந்து போக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு இதோ. ஒரு பொருள் விலக்கும் ஒவ்வொரு லீற்றர் தண்ணீரும் அதை ஒரு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். பிக்கப் வண்டியின் அடிப்பக்கத்தில் தண்ணீர் உடனே உட்புக முடியாத பரப்பை 4 சதுர மீற்றர் என்று குறைத்தே வைப்போம். அந்த அடிப்பக்கத்துக்கு மேல் 5 சென்ரிமீற்றர், அதாவது மூன்று விரல் அகலம், தண்ணீர் ஏறினால் 200 லீற்றர். 200 கிலோ தூக்கு விசை! பணம் கொடுத்து வார்த்து, வருடக்கணக்கில் சுமந்த கட்டையின் பாரம் முழுவதையும் மூன்று விரல் தண்ணீர் இல்லாமல் ஆக்கிவிடும். மேலும் ஏறுகிற ஒவ்வொரு விரலும் வண்டியின் சொந்தப் பாரத்தைக் குறைக்கும். பிறகு பக்கத்திலிருந்து தள்ளும் ஓட்டத்துக்கு எதிராகச் சில்லுக்கு என்ன பிடி இருக்கும்?

வேகமாக ஓடும் 30 சென்ரிமீற்றர் ஆழ வெள்ளம் பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும், 60 சென்ரிமீற்றர் ஆழம் பிக்கப் போன்ற பெரிய வண்டிகளையும் இழுத்துவிடும் என்று அமெரிக்காவின் வானிலைச் சேவை தன் மக்களை எச்சரிக்கிறது. முழங்காலுக்குச் சற்று மேலான ஆழம்தான் அது. கலங்கிய தண்ணீருக்கு அடியில் வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது. வீதியை மூடி வெள்ளம் பாய்ந்தால் வண்டி திரும்பி வரட்டும். அன்றைய வியாபாரம் போனால் போகட்டும்.

பாரத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

வழுக்கலுக்குப் பாரம் கடைசி மருந்தாக இருக்கட்டும். காய்ச்சல் வந்தவுடன் ஊசி போடுவதில்லையே. முதலில் காரணத்தைப் பார்க்கிறோம். வண்டியிலும் அப்படிப் பாருங்கள். இவற்றில் சிலதை நீங்களே பார்க்கலாம்.

முதலாவது, டயர். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். பள்ளமில்லாத டயர் மழைத் தண்ணீரை வெளியே தள்ளாது. தண்ணீரின் மேலேயே மிதந்து ஓடும். மொட்டை டயரை வைத்துக்கொண்டு கட்டை வார்ப்பது, கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைப்பது போல.

இரண்டாவது, காற்று. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் அல்லது தூணில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். வெறும் வண்டிக்கு எவ்வளவு காற்று, பாரத்துக்கு எவ்வளவு என்று பல வண்டிகளில் அதில் தனித்தனியாக எழுதியிருக்கும். பாரத்துக்கு அடித்த காற்றோடு வெறும் வண்டியை ஓட்டினால் டயர் கல்லாகிவிடும். நடுப்பகுதி மட்டும் வீதியைத் தொடும், துள்ளல் கூடும். ஆனால் கவனம்! காற்றைக் குறைத்த டயரில் மறுபடி மூடை ஏற்றுவதற்கு முன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு ஓடினால் சூடேறி வெடிக்கும்.

மூன்றாவது, ஸ்பிரிங். அதிக பாரம் ஏற்றுவதற்காக முன்னைய சொந்தக்காரர் மேலதிகத் தகடு சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். சேர்த்திருந்தால் வெறும் வண்டி துள்ளுவதற்கு அதுவே காரணமாகலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கருவி இருக்கும். மேலதிகத் தகடு போட்டால் பாரம் ஏறியும் வண்டி தாழாது. "வண்டி வெறுமைதான்" என்று அந்தக் கருவி ஏமாந்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

நான்காவது, இடம். கடற்கரை மணலில் புதைந்த வண்டிக்குப் பாரம் மருந்தல்ல, நஞ்சு. பாரம் கூடினால் இன்னும் புதையும். மீன் ஏற்றப் போகிறவர்கள் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து மெதுவாக ஓட்டி, தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்புவதே முறை.

ஐந்தாவது, வேகம். செலவே இல்லாத மருந்து. வெறும் வண்டி மழையில் மெதுவாகத் திரும்ப வேண்டும். நிறைந்த வண்டியில் கவனமாக ஓட்டுகிறவர்களும், வேலை முடிந்த அவசரத்தில் வெறும் வண்டியைப் பறக்கவிடுவது வழமை. "பொருள் இறக்கியாச்சு, இனிப் பயமில்லை" என்ற எண்ணம் வருகிற நேரத்தில்தான் வண்டி மிக வழுக்கும் நிலையில் இருக்கிறது.

பாரம் வைத்தே ஆக வேண்டுமென்றால்

இவ்வளவும் பார்த்த பிறகும் மாரிகாலத்தில் வட்டைக்குள் போய்வர வேண்டியிருக்கிறது, பின்சில்லு சுற்றுகிறது என்றால் பாரம் வைக்கலாம். ஆனால் கழற்றக்கூடிய பாரமாக இருக்கட்டும்.

உறுதியான சாக்கில் 25 கிலோ வீதம் மணல் நிரப்பி நான்கு அல்லது ஆறு மூடை போதும். வண்டிக்கு 100 முதல் 150 கிலோ. ஆற்று மணலாக இருக்கட்டும். கடல் மணலில் உப்பு உண்டு. ஈரத்தோடு சேர்ந்து பெட்டியைத் துருப்பிடிக்க வைக்கும். அதோடு ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே நாமும் கரை மணலை அள்ளுவது முறையல்ல.

மூடைகளைப் பின்கதவோரம் வைக்காமல், இரண்டு பின்சில்லுகளுக்கும் நடுவில், அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வையுங்கள். முன்னும் பின்னும் பலகைச் சட்டம் அடித்து, மேலே பட்டி போட்டு, வண்டியின் கொக்கிகளில் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கட்டிய பின் அசைத்துப் பார்த்தால் அசையக் கூடாது. சீமெந்துக் கட்டையைவிட மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. சில்லு சேற்றில் சுற்றினால் ஒரு மூடையை அவிழ்த்து சில்லுக்கு அடியில் போட்டுக் கிளப்பலாம். சீமெந்துக் கட்டையால் அது முடியுமா?

மூடை ஏற்றும் நாளில் மணல் இறங்க வேண்டும். மாரி முடிந்ததும் முழுவதும் இறங்க வேண்டும். இறக்கிய இடத்தைக் கழுவிக் காயவிட வேண்டும். இறக்குவது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் "நிரந்தரம்" என்ற யோசனையே பிறக்கிறது. பத்து நிமிடச் சோம்பலுக்காகப் பத்து வருடம் கல் சுமப்பதா?

வீட்டில் எப்படிச் சொல்வது?

"உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கினால் எந்த ஆணின் காதும் மூடிக்கொள்ளும். சகோதரி அப்படிச் செய்யவில்லை. அடுத்த நாள் இரவு, சோறு வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு மூன்று கேள்விகளை மட்டும் கேட்டார்.

"மச்சான், அந்தக் கட்டை வந்தா ஒரு நடைக்கு எத்தின மூடை குறையும்?"

"டயர் எப்ப மாத்தினது?"

"புள்ளைகள் முன்னுக்கு உங்களோட இருந்தா என்ன?"

முதற் கேள்விக்கு அவர் விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சொல்லவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பின்டயர் இரண்டும் மொட்டை. மூன்றாவது கேள்விக்கும் அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை முன் ஆசனத்தில் கிடந்த பெட்டிகளையும் கயிறுகளையும் எடுத்துப் பின்னால் போட்டு, பிள்ளைகளுக்கு இடம் செய்தார்.

கட்டை வார்க்க வைத்திருந்த காசு டயருக்குப் போனது. மீதிக்குச் சகோதரி சீட்டுக் காசிலிருந்து கொடுத்தார். இந்த மாரிக்கு நான்கு மணல் மூடைகள் வாசலில் தயாராக இருக்கின்றனவாம். சாக்குகளின் வாயைத் தைத்தவர் அவர்தான்.

உங்கள் வீட்டு வண்டியையும் இன்று ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள் சகோதரிகளே. டயரின் பள்ளத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பின் பெட்டியில் கட்டாமல் கிடக்கும் கல், ஜக், காஸ் சிலிண்டர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இறக்கச் சொல்லுங்கள், அல்லது கட்டச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.